இயந்திர யானையின் உபயக்காரர்

என் அண்ணி நல்லவர். என் முதல் கோபமே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் நாலு பேரிடம் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். நல்லவர்மேல் பொறாமைப்படுவது தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. துணைக்கு யாரும் வரமாட்டார்கள். அம்மாவே என் பக்கம் வரவில்லை. "அந்தப் புள்ளய கொற சொன்னா வாய் அழுகிப் போகும்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

இதைச் சொல்ல ஒரு தபால்காரரிடமிருந்து தொடங்க வேண்டும். நிஜத் தபால்காரர் இல்லை, படக்கதையில் வந்தவர்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மலேசியாவில் ஈப்போ பக்கம் லகாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். தோட்டத்து மண்டபத்தில் இருந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை அமெரிக்கப் பொம்மைப்படம் ஒன்று ஓடும். அதில் பஸ் அளவுக்கு ஒரு இயந்திர யானை. ஊரில் பாலம் உடைந்தால் முதுகைக் கொடுக்கும், தீப்பிடித்தால் தும்பிக்கையால் தண்ணீர் அடிக்கும். எங்கள் லயத்துப் பிள்ளைகள் அதைப் பிள்ளையாருக்குத் தூரத்துச் சொந்தம் என்று முடிவு செய்து, படம் தொடங்கும்போது தலையில் குட்டிக்கொள்வோம்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். ஈப்போவில் ஆங்கிலப் பள்ளிக்குப் போய் வந்தான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய பேப்பர் வாங்கி விற்கும் சீனர் கடை ஒன்று இருந்தது. அங்கே அவன் தேடி எடுத்து வருவது அந்த இயந்திர யானையின் படக்கதைப் புத்தகங்கள். யானையை உண்டாக்கியது ஒரு கம்பெனியாம், அதைப் புத்தகமாகப் போட உரிமை வாங்கியது இன்னொரு கம்பெனியாம். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது எங்களுக்கு யானை இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அண்ணன் பலகைக் கட்டிலின் ஓரத்தில் உட்காருவான். வலது கையால் பக்கம் திருப்புவான் என்பதால் நான் இடது பக்கம். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அவனுக்கும் பாதிதான் புரியும். மீதியை அவனாகச் சொல்லிக்கொண்டே போவான். அந்த இடது பக்கம் என்னுடையது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஒருநாள் அங்கே வந்து உட்கார்ந்தான். அவன் தொடையில் கிள்ளி அனுப்பினேன்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில்தான் தபால்காரர் வந்தார். கதையில் ரயில் ஒன்று தடம் புரள்கிறது, யானை அதைத் தாங்கிப் பிடிக்கிறது, சனங்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் மூலையில் தபால்காரர் உடுப்பில் ஒருவர், தொப்பியின் மேல் ஒரு புறா உட்கார்ந்திருக்க, நின்றுகொண்டிருந்தார். மற்றவர்களுக்கு முகம் என்று மூன்று கோடுதான். இவருக்கு மட்டும் மீசை, சட்டைப் பொத்தான், சப்பாத்துக் கயிறு எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தது. எல்லோரும் யானையைப் பார்க்க, இவர் எங்களைப் பார்த்தார். அண்ணன் முன்னும் பின்னும் புரட்டினான். கதையில் வேறெங்கும் அவர் இல்லை.

"யாருலா இவன்? எதுக்கு இங்க நிக்கிறான்?" என்றான்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. "உபயக்காரரு" என்றேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் சுவரில் முருகன் கல்யாணம் வரைந்திருந்தார்கள். தேவர்கள், முனிவர்கள், மேளக்காரர்கள் எல்லோரும் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூலையில் ஒருவர் மட்டும் கைக்கடிகாரம் கட்டி, சட்டைப் பையில் பேனா குத்தி, கைகூப்பியபடி நம்மைப் பார்த்து நிற்பார். அவர் தோட்டத்துக்கு லோரி விடும் குத்தகைக்காரர். அந்தச் சுவர் அவர் உபயம். தேவலோகத்தில் கைக்கடிகாரம் எப்படி வந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கோயில் குழல்விளக்கிலேயே பாதி வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்குப் பெயர் எழுதுகிற ஊர் எங்களுடையது. செலவை ஏற்றுக்கொண்டவர் மூலையில் நிற்பார். அமெரிக்காவில் மட்டும் வேறு மாதிரியா இருக்கும்? யாரோ ஒரு தபால்காரர் அந்தப் பக்கத்துக்கு உபயம் கொடுத்திருக்கிறார்.

"ஆனா கும்புடலையே" என்று எனக்கு ஒரு குறை.

அண்ணன் யோசித்துவிட்டு, "அங்கல்லாம் கும்புட மாட்டாங்கலா" என்றான். ஏற்றுக்கொண்டுவிட்டான்.

அதன்பிறகு எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் வேலை உபயக்காரரைத் தேடுவது. எல்லாப் புத்தகத்திலும் இருக்கமாட்டார். இருக்கும் புத்தகத்தில் நான்தான் முதலில் பிடிப்பேன். ஒன்றில் கோடு போட்ட காலுறையும் கிழிந்த குடையுமாக ஒரு அம்மா சந்தைக் கூட்டத்தில் நின்றார். இன்னொன்றில் தோளில் உடும்பு சுமந்த கிழவர் பஸ்ஸுக்குள் இருந்தார். நான் கண்டுபிடிக்கும்வரை அண்ணன் பக்கத்தைத் திருப்பமாட்டான். "பாப்பா, கெடச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பான். அவன் கண்ணில் முன்னமே பட்டிருந்தாலும் காத்திருப்பான் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு தோட்டம் கைமாறி, துண்டு துண்டாகி, நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா மரக்கிடங்கில் வேலைக்குப் போனார். அண்ணனுக்கு ஒரு விளம்பரக் கடையில் படம் வரையும் வேலை கிடைத்தது. காலண்டர், கடைப் பலகை, சோப்புத்தூள் பொட்டலம், எது வந்தாலும் வரைவான். நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கழுத்துப்பட்டி தைத்தேன். சம்பளம் வாங்குகிற இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யானைப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொள்வார். நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

அந்த வருடங்களில் ஒரு தீபாவளிக்கு அண்ணனின் கடை ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். கடை முதலாளியான தவுக்கே வந்தார், எழுத்து வரையும் மலாய்க்காரர் ஒருவர் வந்தார், அவர்களோடு பிழை திருத்தும் வேலை செய்கிற ஒரு பெண்ணும் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிர் நீலச் சேலை, ஒரு மெல்லிய சங்கிலி, அவ்வளவுதான் அலங்காரம். எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் அன்று கண்ணைப் பறிக்கிற சரிகையில் இருந்தோம். எனக்கு அப்போதே கொஞ்சம் எரிந்தது.

சாப்பிட்டு முடித்து மற்றவர்கள் வெளியே காற்றாட நின்றார்கள். அண்ணன் கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை இழுத்தான். எங்கள் புத்தகங்கள் அதில்தான் இருந்தன. அதை அவன் வேறு யாருக்கும் திறந்து காட்டியதில்லை. நான் கையில் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பெண் மேலே இருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ரயில் பக்கம் வந்தது. நான் காட்டுவதற்குள், யாரும் கேட்பதற்குள், மூலையில் விரலை வைத்துவிட்டார். "அட, இவர் இஞ்ச நிக்கிறாரே" என்று சிரித்தார்.

"தெரியுமா இவர?" என்றான் அண்ணன்.

"தெரியாமல் என்ன? இவர் வேற கம்பெனியின்ர ஆள். இவருக்கெண்டு தனிப் புத்தகம் வந்தது. எங்கட வீட்டில அப்பா கட்டி வச்சிருக்கிறார். இந்த யானைப் புத்தகத்தைக் கீறினவருக்கு அந்தத் தபால்காரனைக் கீறினவர் மேல மதிப்பு. அதால ஆருக்கும் சொல்லாமல் கூட்டத்துக்குள்ள நிப்பாட்டி விட்டிருக்கிறார். தெரிஞ்ச ஆக்கள் கண்டுபிடிக்கட்டும் எண்டு."

அவர்கள் வீட்டுப் பேச்சில் படம் வரைவதில்லை, கீறுவார்கள். லண்டனிலிருந்த சித்தப்பா பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்புவாராம். குடைக்கார அம்மாவையும் உடும்புக் கிழவரையும் அந்தப் பெண் ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னார். அந்த அம்மாவுக்கு மூன்று தம்பிகளாம், கிழவர் ஒரு காலத்தில் கப்பலோட்டியாம். நான் தேடித் தேடிக் கண்டுபிடித்த ஆட்களெல்லாம் அவர் வீட்டில் சிறு வயதிலிருந்தே புழங்கியவர்கள். தெரிந்த ஆட்களுக்காக வைத்த விளையாட்டு அது. நாங்கள் தெரிந்த ஆட்கள் இல்லை. அடுத்தவர் வீட்டு விருந்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறோம். காதில் புகை வந்தது என்பார்களே, எனக்கு அன்று உண்மையாகவே காது சுட்டது.

அதோடு விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அண்ணன், "நாங்க சின்னதுல என்னா நெனச்சோம் தெரியுமா? இவங்கள்லாம் உபயக்காரருன்னு" என்று ஆரம்பித்தான். கோயில் சுவர், லோரிக்காரர், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தான். நாங்களாம். நினைத்தது நான். அது என்னுடையது. அதை எடுத்து, பொங்கல் பானையைத் திறந்து வைப்பதுபோல் அவர் முன்னால் வைத்துவிட்டான்.

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "வடிவான நினைப்பு" என்றார். சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அண்ணன் அவர்கள் வீட்டுக்குப் புத்தகம் பார்க்கப் போனான். திரும்பி வந்து அந்தக் கம்பெனி இந்தக் கம்பெனி என்று என்னிடம் பாடம் ஒப்பிப்பான். நான் கழுத்து வலிக்கிறது என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். கல்யாணப் பேச்சு வந்தபோது, தோட்டத்துப் பிள்ளைக்கா பெண் கொடுப்பது என்று அந்த வீட்டில் பெரிய கலவரம் நடந்தது. நான் அவர்களுடைய பெருமையைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன். ஒரு வருடம் முறுக்கிக்கொண்டு நின்றவர்கள் கடைசியில் சம்மதித்து என்னைக் கைவிட்டுவிட்டார்கள்.

அண்ணி எங்கள் பலகை வீட்டுக்கே வந்தார். மழை ஒழுகியது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவிடம் சம்பல் பெலாச்சான் என்கிற இறால் துவையலை இடிக்கக் கற்றுக்கொண்டு அம்மாவைவிட நன்றாக இடித்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தார். கஞ்சி நன்றாக இருந்தது. அதற்கும் வயிறு எரிந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் இயந்திர யானை மறுபடி தொலைக்காட்சியில் வந்தது, இந்தமுறை வண்ணத்தில். உள்ளூர் பிஸ்கட் கம்பெனி ஒன்று யானையைத் தன் டின்களில் போட உரிமை வாங்கியது. தீபாவளி டின்னுக்குள் ஒரு மெல்லிய படக்கதையும் வைக்கப் போகிறார்கள். அதை வரையும் வேலை அண்ணனின் கடைக்கு வந்தது. எந்த யானைக்காகச் சிறு வயதில் தலையில் குட்டிக்கொண்டோமோ அதையே வரையப் போகிறான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அவனிடம் போனால் அண்ணி ஏற்கெனவே அங்கே இருந்தார்.

சாப்பாட்டு மேசையில்தான் வேலை. யானையின் காது எப்படி, தந்தம் எப்படி, ஆணி எங்கே என்று வெளிநாட்டிலிருந்து மாதிரித் தாள் வந்திருந்தது. தவுக்கே அதை வைத்துக்கொண்டு யானையை மட்டும் பார்ப்பார். "கஜா சரியா இருந்தா ஓக்கே, ஓராங் எல்லாம் உன் சுக்காலா" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். மலாயில் யானைக்கும் கஜாதான், ஓராங் என்றால் ஆட்கள். ஆட்களெல்லாம் உன் விருப்பம் என்கிறார். அது போதாதா அண்ணனுக்கும் அண்ணிக்கும்? ஈப்போ ரயில் நிலையம் மாதிரி ஒரு கட்டடத்தின் முன்னால் புறாத் தொப்பித் தபால்காரரை நிறுத்தினார்கள். குடைக்கார அம்மா பசாரில் கங்கோங் கீரை வாங்கினார். உடும்புக் கிழவர் மீபோக் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தார். அண்ணி அப்பா வீட்டிலிருந்து பழைய தொகுப்புகளைக் கொண்டுவந்து ஆள் தேர்ந்தெடுப்பார், அண்ணன் வரைவான். அண்ணி உட்கார்ந்தது அவனுக்கு இடது பக்கம். நான் அண்ணனுக்குக் கோப்பி கொண்டு வைப்பேன். படத்தைத் தலைகீழாகத்தான் பார்க்க முடியும்.

ஒருநாள் பொறுக்க முடியவில்லை. "அடுத்தவங்க ஆள எடுத்து நம்ம படத்துல வச்சா தப்பில்லையாண்ணே? புடிபட்டா வேல போயிராது?" என்றேன். அவன் வேலைமேல் அக்கறை உள்ளவள்போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அண்ணிதான் பதில் சொன்னார். "களவெடுக்கிறது வேற. இது ஒரு கும்பிடு போடுறது. வந்த வழியில நிண்டவைக்கு."

அண்ணன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு கோப்பியைக் குடித்தான். அந்தப் புத்தகம் அச்சாகி வந்தால் திறந்தே பார்க்கக் கூடாது என்று அப்போது முடிவெடுத்தேன்.

முடிவைக் காப்பாற்றவும் செய்தேன். தீபாவளிக்கு முன்னாலேயே தொழிற்சாலையில் ஒரு அக்கா அந்த டின்னை வாங்கி வந்தார். "ஒங்க அண்ணன் வரஞ்சதாமே, இந்தா நீ வச்சுக்க" என்று படக்கதையை நீட்டினார். பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு புத்தகத்தை அவர் மகனுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டேன். பிஸ்கட் நமுத்திருந்தது.

தீபாவளியன்று வந்தவர்கள் போன பிறகு அண்ணி எங்கள் வீட்டு டின்னைத் திறந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அண்ணன் எதிரே தரையில் கால் நீட்டி, சுவரில் சாய்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

"நீர் இன்னும் பார்க்கேல்லையாமே. உங்கட அண்ணர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரியிறார்" என்றார்.

எழுந்து போகலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவர் பிரித்துவிட்டார். யானை நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தும்பிக்கையில் தூக்கிய பஸ்ஸின் கண்ணாடிகூட வெயிலில் மின்னியது. அண்ணி ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். இஞ்ச தபால்காரர், இஞ்ச குடைக்கார அம்மா, இஞ்ச கிழவர். எல்லாம் அவர் தேர்ந்தெடுத்தது. நானும் உம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

கடைசிப் பக்கம் வந்தது. யானை பஸ்ஸை இறக்கி வைக்கிறது. ஊரே திரண்டு நின்று யானையை அண்ணாந்து பார்க்கிறது. அண்ணியின் விரல் கூட்டத்தின் மேல் போய், தயங்கி, மூலையில் நின்றது.

"இந்தப் பக்கத்தை இவர் எனக்குக் காட்டாமல்தான் முடிச்சவர். இது ஆர் எண்டு எனக்குத் தெரியேல்ல" என்றார். "அச்சில கண்ட பிறகு எல்லாத் தொகுப்பும் பார்த்திட்டன். இந்தப் பிள்ளை எந்தக் கம்பெனி?"

மூலையில் ஒரு சிறு பெண். ரெட்டைப் பின்னல், மடித்துக் கட்டிய ரிப்பன், முன்பல் ஒன்று இல்லை. கணுக்கால்வரை தொங்கும் கவுன். அந்தச் சின்னக் கையில் ஆண்பிள்ளைகள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். கவுன் பையில் ஒரு பேனா. எல்லோரும் யானையைப் பார்க்க, அவள் மட்டும் கைகூப்பிக்கொண்டு நேராக என்னைப் பார்த்தாள்.

எதிரே அண்ணன் முறுக்கை மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

"பாப்பா, கெடச்சாச்சா?" என்றான்.

"கெடச்சிருச்சு" என்றேன்.

"என்னத்தைக் கேக்கிறியள்?" என்றார் அண்ணி.

"ஒண்ணுமில்ல" என்றான் அண்ணன்.

அண்ணி என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. அதை எனக்கு நன்றாகத் தெரியும். அத்தனை வருடமாக நான் கண்ணாடியில் பார்த்த முகம் அது. அவருக்கும் அது வரும் என்று நான் நினைத்ததே இல்லை. பாவமாக இருந்தது. பாவமாக இருந்தும் நான் சொல்லவில்லை.

"தெரியல அண்ணி. ஏதாச்சும் சின்னக் கம்பெனியா இருக்கும்" என்றேன்.

அவர் புத்தகத்தை மூடி டின்னுக்குள் வைத்தார். நான் எழுந்து போய்த் தேநீர் கலந்து முதல் கோப்பையை அவருக்குக் கொடுத்தேன். அந்த வீட்டில் நானாக அவருக்குக் கொடுத்த முதல் கோப்பை அது. இப்போதும் தீபாவளிக்குப் போனால் அந்தப் பிள்ளை யார் என்று அண்ணி கேட்பார். அண்ணன் அவரிடம் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. இதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.